தோர் தே ஸ்பெக்கி: சண்டைக்குக் கட்டிய கோபுரத்தில் ஒரு செபவீடு

உரோமையில் கபித்தோலியக் குன்றின் அடிவாரத்தில், வண்டிகள் ஓயாமல் விரையும் பெரிய சாலையோரம் தோர் தே ஸ்பெக்கி கன்னியர் மடம் இருக்கிறது. இடைக்காலக் கோபுர வீடு ஒன்றைச் சுற்றி வளர்ந்த மடம் இது.

அந்தக் காலத்து உரோமைப் பிரபுக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று பயந்துதான் வீட்டையே கோபுரமாகக் கட்டிக்கொண்டன. 1257-ல் பிரான்கலேயோனே என்ற ஆட்சியாளர் ஏறத்தாழ 140 கோபுரங்களை இடித்துத் தள்ளியும் பகை ஓயவில்லை. இந்த மடத்துச் சபையைத் தொடங்கிய புனித பிரான்செஸ்காவின் கணவர் லொரென்சோவும் நகரத்துச் சண்டையில் படுகாயம்பட்டவர். அப்படிப்பட்ட ஊரில், 1433 மார்ச் 25, இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாவுக்கு அறிவித்ததை நினைவுகூரும் மங்கள வார்த்தைத் திருநாளன்று, பிரான்செஸ்காவின் தோழியர் இந்தக் கோபுர வீட்டில் குடியேறினார்கள். ஏழைகளையும் நோயாளிகளையும் தேடிப் போவதே அவர்கள் வேலை.

பிரான்செஸ்கா மட்டும் உடனே வரவில்லை. நோயாளிக் கணவரைக் கவனிக்க வேண்டியிருந்தது. 1436-ல் அவர் இறந்த பிறகே, தாம் தொடங்கிய சபையில் தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி இந்த வாசலில் வந்து கேட்டார். எனக்கு அவருடைய அற்புதங்கள் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிதாகப் படுகிறது.

உள்ளே நுழைந்ததும் பழைய தொழுவம். விலங்குகளுக்குத் தீனி வைத்த கல்தொட்டி இன்னும் கிடக்கிறது. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, செங்குத்தான படிகளில் ஏறினேன். மேலே சிற்றாலயம். சுவர் முழுக்க, பிரான்செஸ்காவின் வாழ்க்கையைச் சொல்லும், 1468-ல் தீட்டிய ஓவியங்கள். அந்தோனியாஸோ ரொமானோ வரைந்தவை என்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் அந்தக் காலத்துப் பேச்சுவழக்கில் விளக்கம். சில ரொட்டித் துண்டுகள் 15 பேருக்குப் போதுமான காட்சியின் முன் வெகுநேரம் நின்றேன். பிரான்செஸ்காவின் பக்கத்தில் சின்னக் காவல்தூதர். அந்தத் தூதருடைய ஒளியிலேயே பிரான்செஸ்கா இரவில் செபம் வாசித்தாராம், இருட்டில் வழியும் நடந்தாராம். அதனால்தான் 1925-ல் வாகனம் ஓட்டுவோரின் பாதுகாவலியானார்.

அப்புறம் பழைய உணவறை: 1485-ல் பச்சை நிறத்திலேயே தீட்டிய, சாத்தான் பிரான்செஸ்காவை அடித்துத் துன்புறுத்தும் காட்சிகள். சாப்பிடும் இடத்தில் இதையா வரைவார்கள் என்று முதலில் தோன்றியது. ஆனால் தினமும் சோதனையோடுதான் வாழ்கிறோம் என்று அந்தச் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

வழக்கமாக பிரான்செஸ்காவின் திருநாளான மார்ச் 9-லும் அந்த மாதத்து ஞாயிறுகளிலும் மடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில் உரோமைக்குப் போகிறவர்கள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு கட்டாயம் போய் வாருங்கள்.