கினி பிக்கும் கரியும் ஒரே பொட்டிக்குள்ள

சூடு எப்படி வேலையா மாறுதுன்னு சொல்ற தெர்மோடைனமிக்ஸ்னாலே காலேஜ்ல ஸ்டீம் இன்ஜின், பிஸ்டன், சிலிண்டர்னே ஓட்டிட்டாங்க, உயிருள்ளதுக்கு இதுல என்ன வேலைன்னு ஒரு சாரும் வாய தொறக்கல. ஆனா இன்ஜின் பத்தி பிரெஞ்சு இன்ஜினியர் கார்னோ எழுதுனது 1824ல. அதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே பாரிஸ்ல வேதியியல்காரர் லவாசியேவும் கணக்குப்புலி லாப்லாஸும் ஒரு கினி பிக்கை ஐஸ் பொட்டிக்குள்ள உக்கார வச்சிட்டாங்க.

1782-83 குளிர்காலம். நடுவுல கூடை, அதுக்குள்ள பிராணி, சுத்தி ஐஸ். அந்த ஐஸ் உருகி கீழ குழாய் வழியா வர்ற தண்ணிய எடை போடணும், அவ்ளோதான். அதுக்கும் வெளிய இன்னொரு சுத்து ஐஸ் இருக்கு பாருங்க, அங்கதான் மூளை. ரூம் சூடு உள்ள வராம அது வாங்கிக்கும், வெளி ஐஸும் ஜீரோ டிகிரி உள் ஐஸும் ஜீரோ டிகிரி, அப்ப நடுவுல சூடு எப்படி போகும்?

பத்து மணி நேரத்துக்கு 13 அவுன்ஸ் உருகுச்சு, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 400 கிராம். அப்புறம் கினி பிக் விட்ட அதே அளவு கார்பன் டை ஆக்சைடு வர்ற மாதிரி கரிய எரிச்சா எவ்ளோ உருகும்னு பாத்தாங்க, சுமார் பத்தரை அவுன்ஸ். இடிக்குதுல்ல? பிராணியோட கை காலு ஜில்லுனு ஆயிருக்கும், மூச்சு ஈரமும் தண்ணில சேந்திருக்கும்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஹைட்ரஜனும் சேந்து எரியுதுன்னு லவாசியே பின்னாடிதான் சொன்னார். மூச்சு விடுறது மெதுவா எரியறதுன்னு சொல்ல அந்த அளவு பொருத்தமே போதுமா இருந்துச்சு.

கணக்கு போட்டா அந்த கினி பிக் விட்ட சூடு 3.7 வாட். ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி சாப்பிடுற ஆளு 97 வாட். ஏசி போட வர்றவரு ரூம்ல எத்தன பேர் இருப்பீங்கன்னு கேக்குறது சும்மா இல்ல.

தெர்மோடைனமிக்ஸோட ரெண்டாவது விதி என்ன சொல்லுதுன்னா, மொத்தமா பாத்தா என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையோட அளவு, குறையவே குறையாது. உயிர் இந்த விதிய மீறுது, ஒழுங்க தானா உண்டாக்குதுன்னு இன்னமும் யூட்யூப் கமெண்ட்ல சண்டை போடுறாங்க. அந்த 400 கிராம் தண்ணிய பாருங்கய்யா. உள்ள ஒழுங்கா இருக்கறதுக்கு வெளிய அந்த ஐஸ் குலைஞ்சு போச்சு, ரெண்டையும் கூட்டினா என்ட்ரோபி ஏறித்தான் இருக்கு. ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டு மீறிடுச்சுன்னா எப்படி.

உடம்புச் சூடு மொத்தமும் சாப்பாட்டுல இருந்துதான் வருதாங்கற பாக்கி சந்தேகத்த 1890கள்ல ஜெர்மனில உடலியல் ஆராய்ச்சியாளர் ரூப்னர் தீத்தார். நாய்ங்கள கலோரிமீட்டர்ல, அதாவது சூட்ட அளக்குற கருவில, நாள்கணக்கா வச்சு, உணவுக்கணக்கையும் வெளிய வந்த சூட்டையும் ஒப்பிட்டா வித்தியாசம் ஒரு சதவீதம் கூட இல்ல. இதுல புரதம்தான் வம்பு. கலோரிமீட்டர்ல முழுசா எரிச்சா கிராமுக்கு அஞ்சரை கிலோகலோரிக்கு மேல வரும், உடம்புல நாலுதான். மிச்சத்துல பெரும்பகுதி யூரியாவா மூத்திரத்துல போயிடுது, அதனால ரூப்னர் நாயோட மூத்திரத்தையும் காய வச்சு எரிச்சு கணக்குல சேத்தார். பிஸ்கட் பாக்கெட்டுக்கு பின்னாடி புரதத்துக்கு போடுற நாலு இந்த கழிவு போக மிச்சந்தான்.