அவளுக்கு மட்டும் உறுத்துகிறது

பாளையங்கோட்டையில் ஒரு டி.டி.பி. கடையில் குடும்ப நாவல்களுக்குப் பிழை திருத்துகிறேன். சந்தியும் ஒற்றும் பார்க்கத்தான் சம்பளம். ஆனால் கதையைப் படிக்காமல் எப்படிப் பிழை பார்ப்பது? கல்யாணத்துக்கு முன்னால் காதலர்கள் கூடிவிட்டால் அடுத்த அத்தியாயத்தில் குற்ற உணர்ச்சி வந்தாக வேண்டும். அதுவும் அவளுக்கு மட்டும். குற்றாலத்துச் சாரலில் எல்லாம் நடந்திருக்கும். அவள் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தும் பூஜை அறைப் பக்கம் போகமாட்டாள். அவன் பாட்டுக்கு ஆபீஸ் போய்விடுவான்.

ஒரு கதையில் திருச்செந்தூருக்கே போய், வள்ளி குகையில் நின்று மன்னிப்புக் கேட்டு அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினைப்புனத்தில் யானையை வரவழைத்து மிரட்டி வள்ளியைக் களவில் கூடியவனிடமா இந்த வழக்கு? பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்தான் பெரியவர்கள் மணச்சடங்கை வகுத்தார்கள் என்கிறது தொல்காப்பியம். கூடிவிட்டு, 'இவள் யாரென்றே தெரியாது' என்றவனைக் கட்டிப்போட வந்த ஏற்பாடு என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நம் நாவல்களில் அவனுக்கு ஓர் உறுத்தலும் கிடையாது.

கிறிஸ்தவக் கதாநாயகி என்றால் இன்னும் சிக்கல். ஒரு கதையில் அவள் சேகரத்து ஐயரின், அதாவது சபைப் போதகரின், மகள். ஊசிக்கோபுரத்துக்குப் போய், பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொல்கிறாள். ஊசிக்கோபுரம் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையின் பேராலயம், 1826இல் கட்டியது. அங்கே ஏது கூண்டு? அது கத்தோலிக்க வழக்கம். சினிமா பார்த்து எழுதியிருப்பார் போல.

அங்கே அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன்னால் சபை முழுவதும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும். அத்தனை குரலோடு அவள் குரலும் போய்விடும், யாருக்கும் தெரியாது. அப்புறம்தான் இக்கட்டு. வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அம்மா திரும்பிப் பார்ப்பாள். எழுந்து போனாலோ, தகுதியில்லாமல் இதை வாங்குகிறவன் தனக்கே தண்டனைத் தீர்ப்பைத் தேடிக்கொள்கிறான் என்று பைபிளில் பவுல் எழுதியதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அப்பத்தைக் கையில் வைக்கப்போகிறவர் அப்பா. அந்த அரை நிமிஷத்துக்குள் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதை விட்டுவிட்டு எதற்கு இந்தக் கூண்டு?

பக்கத்தில் டைப் அடிக்கும் அக்காவிடம் சொன்னேன். "சாமிக்குத் தெரிஞ்சா மன்னிச்சிரும்ட்டி. எதுத்த வீட்டுக்குத் தெரிஞ்சாத்தான் தொலைஞ்சோம்" என்றாள். பாதி நாவல்களின் பக்தி அவ்வளவுதான். நாள் தள்ளிப்போகும், அம்மா கண்டுபிடிப்பாள், கடைசி அத்தியாயத்தில் தாலி ஏறும், உறுத்தல் காணாமல் போகும். கடவுளிடம் பட்ட கடன் என்றால் அவன் தாலி கட்டியதும் எப்படித் தீரும்?

பிழைப் பட்டியலோடு கூண்டு விஷயத்தையும் எழுதி அனுப்பினேன். எழுதியவர் போன் பண்ணினார்.

"சரி, சவேரியார் பேராலயம்னு மாத்திடுங்க."

"கத்தோலிக்கச் சாமியாருக்கு மக எப்படி சார்?"

"அப்போ அப்பாவை வாத்தியாரா ஆக்கிடுங்க."

ஆக்கிவிட்டேன். பதினோரு இடத்தில் 'ஐயர்' இருந்தது.