பெர்த்ல தேடுற வண்டு, நமக்குப் பழைய ஆள்

ஆஸ்திரேலியா பெர்த்ல இருக்கிற மச்சான் போட்டோ அனுப்பினான், ரோட்டோர மரத்துல ஊசி குத்தின மாதிரி ஓட்டை, கவுன்சில் ஆளுங்க பொறி தொங்கவிட்டு மரம் மரமா பாக்குறாங்களாம். ஓட்டை போடுறது ஷாட்-ஹோல் போரர்னு ஒரு வண்டு, 2021ல பெர்த் பக்கத்து ஈஸ்ட் ஃப்ரீமேன்டில்ல முதல்ல மாட்டிச்சு. வெறும் 2 மில்லிமீட்டர்தான், மரத்தைத் திங்காது, துளைச்சு உள்ள பூஞ்சணம் வளர்த்து அதைத்தான் திங்குது, அந்தப் பூஞ்சணம் தண்ணி ஏறுற வழியை அடைச்சா மரம் காஞ்சிடும்.

1868ல இந்த இனத்தை விவரிச்சதே சிலோன் வண்டை வச்சுத்தான்! நம்ம இலங்கைத் தேயிலைல இருக்கிறது அதோட நெருங்கின சொந்தம், கண்ணால பிரிக்க முடியாது. இங்க செடி சாகுறதைவிட காத்துக்கு கிளை முறியுறதுதான் கூட, கவ்வாத்து வெட்டுறவங்களக் கேட்டா சொல்லுவாங்க. தேயிலைக்காவது தலவாக்கலைல ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டவுன் மரங்களுக்கு? பிரதேச சபை கிளை வெட்ட வரும்போதே பட்டையையும் பாத்துட்டா என்ன, அந்த விறகை லொறில ஏத்தினா வண்டும் சேர்ந்துதானே போகும்.