சம்பளக் கடன் ஆப்: மொத்தத் தொகையைப் பேசாதீர்கள், பிரித்துப் பேசுங்கள்

கடன் 20,000 ரூபாய். கையில் வந்தது 17,640. பிராசஸிங் கட்டணம் 10 சதவீதம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2,360 முதலிலேயே போய்விட்டது. நாளுக்கு 1 சதவீத வட்டி என்றால் 30ஆம் நாள் கட்டவேண்டியது 26,000. கையில் வந்த 17,640ஐ வைத்துப் பார்த்தால் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 577 சதவீதம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுத்து, தினம் நூறு வசூலிக்கும் தண்டல்காரரே வெட்கப்படுகிற கணக்கு இது.

பெங்களூரில் வீட்டு அட்வான்ஸுக்கும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும் இப்படி வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது மாதத்தில். 26,000 இல்லை, வட்டி 6,000 மட்டும் கட்டி நீட்டிக்கச் சொல்வார்கள். அசல் அசையாது. இரண்டு முறை நீட்டித்தால் 12,000 போயிருக்கும், 20,000 அப்படியே நிற்கும். அதை அடைக்க இன்னொரு ஆப். முதலில் நிறுத்தவேண்டியது இதைத்தான்: நீட்டிப்பும் கூடாது, புதுக் கடனும் கூடாது.

அடுத்து, கொடுத்தவர் யார் என்று பாருங்கள். ஆப்பின் பெயர் முக்கியமில்லை, அதன் பின்னால் இருக்கும் என்பிஎஃப்சியின், அதாவது வங்கியல்லாத நிதி நிறுவனத்தின் பெயர்தான் முக்கியம். ஆர்பிஐ தளத்தில் பதிவுபெற்ற என்பிஎஃப்சிகளின் பட்டியலும், 2025 ஜூலை முதல் கடன் ஆப்களின் பட்டியலும் இருக்கின்றன. இரண்டிலும் இல்லாமல், ஏழு நாள் கெடு வைத்து, உங்கள் போனிலுள்ள எண்களுக்கெல்லாம் உங்கள் படத்தை அனுப்பி மிரட்டுகிறவன் என்றால் அவனிடம் பேரம் பேசவே வேண்டாம். கட்டக் கட்டக் கேட்பான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், சைபர் குற்றங்களைப் பார்க்கும் பக்கத்து சிஇஎன் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், ஆர்பிஐயின் புகார்த் தளமான சச்சேத்திலும் பதியுங்கள். பதிவில்லாதவர்கள் மிரட்டி வசூலித்தால் 10 ஆண்டு வரை சிறை என்று கர்நாடகத்தில் 2025இல் சட்டமே வந்திருக்கிறது.

பதிவுபெற்ற நிறுவனம் என்றால் பேசலாம், ஆனால் போனில் வேண்டாம். போனில் வருகிறவருக்கு எதையும் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கிடையாது. "இன்னைக்கு எவ்வளவு போடுறீங்க" என்பதுதான் அவர் வேலை. கேஎஃப்எஸ் எனும் முக்கிய விவரத் தாளில் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். எழுதவேண்டியது அங்கே.

முதல் மின்னஞ்சலில் தொகை எதையும் சொல்லாதீர்கள். கேஎஃப்எஸ் பிரதியும் கணக்கு அறிக்கையும் கேளுங்கள். நிலுவையை அசல், வட்டி, அபராதக் கட்டணம் என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பேரத்தின் பிடி இங்கேதான் இருக்கிறது. கேஎஃப்எஸ்ஸில் சொல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. ஆர்பிஐயின் 2023 சுற்றறிக்கைப்படி தாமதத்துக்குப் போடுவது கட்டணமாகத்தான் இருக்கவேண்டும், வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டியும் போடக் கூடாது. பிரித்துக் கேட்டாலே சில வரிகள் காணாமல் போகும்.

இரண்டாவது மின்னஞ்சலில்தான் உங்கள் கணக்கு. வாடகை, அரிசி பருப்பு, பஸ் செலவு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் போக மாதம் 7,000 மிஞ்சினால் 5,000 என்று எழுதுங்கள், 7,000 என்று எழுதாதீர்கள். ஒத்துக்கொண்ட தவணை ஒன்று தவறினால் அடுத்த முறை யாரும் காது கொடுக்க மாட்டார்கள். "அபராதக் கட்டணத்தைத் தள்ளுங்கள், அசலையும் வட்டியையும் ஐந்தாறு தவணையில் கட்டுகிறேன்" என்பது நல்ல தொடக்கம். நீட்டிப்புக்காக ஏற்கெனவே கட்டிய 12,000ஐயும் தேதியோடு குறிப்பிடுங்கள். ஒத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் 90 நாள் தாண்டி வாராக்கடன் ஆன பிறகு குரல் இறங்குவது வழக்கம்.

ஒன்று கவனியுங்கள். அசலிலேயே குறைத்துக்கொண்டு முடித்தால் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் 'செட்டில்ட்' (குறைத்து முடித்தது) என்று விழும், அடுத்த வீட்டுக் கடனில் அது முட்டுக்கட்டை. கட்டணம் மட்டும் தள்ளுபடி, மற்றதெல்லாம் கட்டியாச்சு என்றால் 'க்ளோஸ்ட்' (கட்டி முடித்தது) என்று பதியக் கேட்கலாம். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினாலும் எனக்கு இரண்டாவதே மேல் என்று படும்.

இதற்கிடையில் சம்பளத் தேதியில் மேண்டேட் பாயும், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி. கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஒவ்வொரு பவுன்ஸுக்கும் வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கும், ஒரே மாதத்தில் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. நிறுவனத்துக்கு எழுதிவிட்டு வங்கியில் மேண்டேட்டை ரத்து செய்யலாம். கடன் அப்படியே இருக்கும், சம்பளமாவது கைக்கு வரும். "நாளைக்கு போலீஸ் வரும்" என்பது வெற்று மிரட்டல், கடன் கட்டாதது சிவில் விவகாரம். ஆனால் மேண்டேட் பவுன்ஸுக்கு 2007ஆம் ஆண்டு பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் அழைப்பு கூடாது. அலுவலகத்துக்கோ ஊரிலுள்ள மாமனாருக்கோ பேசினால் தேதி, நேரம், எண் குறித்து அதே குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ ஆர்பிஐயின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

உடன்பாடு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கடன் எண், தொகை, தேதி, 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற சொல்லோடு கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் போடாதீர்கள். போடும்போதும் நிறுவனக் கணக்குக்குத்தான், ஏஜென்டின் சொந்த யுபிஐக்கு அல்ல. பிறகு நிலுவை இல்லை என்ற சான்று வாங்குங்கள். ஒன்றரை மாதம் கழித்து கிரெடிட் அறிக்கை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒன்று இலவசம். தப்பாக இருந்தால் திருத்தக் கேட்டுப் புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் கடன் கொடுத்த நிறுவனமோ கிரெடிட் அறிக்கை நிறுவனமோ உங்களுக்குத் தரவேண்டும்.