கன்டர்ஸ்வில் பாஸ் போட்டி: ஏரியில் ஆனதை விடக் கரையில்தான் செலவு

அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் மீன்பிடிப் போட்டிக்குப் போய்த் தங்கிய மோட்டலில், படகு பேட்டரிக்கு மின்சாரம் எடுத்ததற்கு ராத்திரிக்கு 15 டாலர். அறை வாடகை 72 டாலர் தனி. முன்பதிவு செய்யும்போது ஃபோனில் கேட்டோம். "வெளியிலேயே ப்ளக் இருக்கிறது, மீன்பிடிக்க வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் தங்குவார்கள்" என்றார்கள். காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலி செய்யும்போது பில்லில் படகுக் கட்டணம் என்று தனி வரி. கூட வந்த நண்பர் வாதாடிப் பார்த்தார். கவுன்டருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார்கள். கவுன்டருக்குள் போய் நின்றால்தான் அதை வாசிக்க முடியும். ஊர் பெயரெல்லாம் சொல்வேன், அந்த மோட்டல் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பதற்கென்றே ஊர் ஊராகப் போட்டி நடக்கிறது. விடிகாலையில் படகுகள் வரிசையாகக் கிளம்பும், மதியம் சொன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும். இருப்பதிலேயே கனமான ஐந்து மீனை எடை போடுவார்கள், மொத்த எடை அதிகமானவருக்குப் பரிசு. தாமதமாக வந்தால் நிமிஷத்துக்கு ஒரு பவுண்ட் கழியும். மீன் செத்திருந்தாலும் எடையில் கழிப்பார்கள், ஏனென்றால் எடை போட்ட பிறகு எல்லாவற்றையும் ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். "இவ்வளவு தூரம் போய்ப் பிடித்ததைக் குழம்பு வைக்காமலா வருகிறாய்" என்று ஊரிலிருந்து அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஆமாம், வைக்காமல்தான் வருகிறேன்.

சரி, ப்ளக்குக்கு வருகிறேன். பாஸ் படகில் பின்னால் இருக்கும் பெரிய எஞ்சின் இடம் விட்டு இடம் ஓடுவதற்கு மட்டும்தான். மீன்பிடிக்கும் நேரம் முழுக்க முன்பக்கம் காலால் ஓட்டும் மின்மோட்டார்தான் படகை நகர்த்துகிறது. அதற்குத் தனியாக பேட்டரிகள், தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் திரைகளுக்கு இன்னொன்று. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறாவிட்டால் மறுநாள் பாதியிலேயே படகு காற்று தள்ளும் பக்கம் போகும். அதனால் போட்டி நடக்கும் ஊரில் எந்த மோட்டல் வாசலைப் பார்த்தாலும் படகுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் சுவருக்கு ஓடும். திருட்டு பயம் வேறு. நண்பர் தினமும் இருட்டியதும் சோனார் திரைகளைக் கழற்றி, துண்டில் சுற்றி, தன் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட வருவார். ஒரு திரை 3000 டாலர்.

இந்த விளையாட்டே ஒரு மோட்டல் அறையில் பிறந்ததுதான். அலபாமாவின் மான்ட்கோமரியைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் விற்பனையாளர் 1967-இல் மிசிசிப்பியின் ஜாக்ஸன் ஊருக்கு மீன்பிடிக்கப் போன இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டார். அறையில் உட்கார்ந்து டிவியில் கூடைப்பந்து பார்த்தபோது, இதேபோல மீன்பிடிப்பதையும் ஏன் போட்டியாக நடத்தக் கூடாது என்று தோன்றியிருக்கிறது. அந்த ஜூன் மாதமே அர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைத் தலைக்கு 100 டாலர் கட்ட வைத்து முதல் போட்டியை நடத்திவிட்டார். பிடித்ததை உயிரோடு விட வேண்டும் என்று 1972-இல் பிரசாரம் தொடங்கியதும் அவர்தான். இன்று அவர் ஆரம்பித்த அமைப்பின் உச்சப் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக்கில் முதல் பரிசு 3 லட்சம் டாலர். நான் போனது அந்த உயரத்துக்குப் பல படி கீழே நடக்கும் வட்டாரப் போட்டிக்கு.

செலவை வரிசையாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். முதலில் வழிச்செலவு. நான் இருப்பது அட்லான்டாவுக்கு வடக்கே, லேனியர் ஏரிப் பக்கம். நண்பர் ஜார்ஜியாக்காரர், பணி ஓய்வு பெற்றவர், படகும் பிக்கப் ட்ரக்கும் அவருடையவை. பெட்ரோலில் பாதி, அறையில் பாதி என்று பேச்சு. படகை இழுத்துக்கொண்டு போனால் அந்த ட்ரக் ஒரு கேலனுக்குப் பத்து மைல் கொடுத்தாலே பெரிது. சட்டனூகா தாண்டி நிக்கஜாக் ஏரிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ட்ரெய்லர் டயர் வெடித்தது. லாரிகள் உரசிக்கொண்டு போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் ஸ்டெப்னி மாட்டினோம். ஸ்டெப்னி இல்லாமல் மேலே போக முடியாதே, அடுத்த ஊரில் ஒரு டயர் கடையில் நிறுத்தினோம். ஆன்லைனில் 100 டாலர் சொச்சத்துக்குக் கிடைக்கிற டயருக்கு 195. மாட்டுகிற கூலி 40. அதற்கு மேல் "சனிக்கிழமை கட்டணம்" என்று ஒன்று. ட்ரெய்லரில் படகைக் கட்டிக்கொண்டு வருகிறவன் பேரம் பேசப் போவதில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இது பகல் கொள்ளை. கிளம்பும் முன்னாலேயே இரண்டு ஸ்டெப்னி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டனூகாவுக்கு மேற்கே ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி அமெரிக்க மத்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி மீன்பிடி லைசென்ஸ். அலபாமாவுக்கு ஒன்று, டென்னஸிக்கு ஒன்று. வெளிமாநிலக்காரருக்கு விலை அதிகம்.

தங்கியது அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோ. விமானங்களில் தொலைந்து, யாரும் கேட்டு வராத பெட்டிகளை மொத்தமாக வாங்கி, பிரித்து, உள்ளே இருப்பதை விற்கிற அன்க்ளெய்ம்டு பேக்கேஜ் கடை இந்த ஊரில்தான். 1970-இல் ஆரம்பித்தது. மழை ஜாக்கெட் ஒன்று அங்கே மலிவாகக் கிடைத்தது, அருமையான ஜாக்கெட்.

அப்புறம் சாப்பாடு. காலையும் மதியமும் ரைஸ் குக்கர் உபயம்: புளியோதரை, எலுமிச்சைச் சாதம். வாழைப்பழத்தை மட்டும் அறையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுவேன். படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் கிடைக்காது என்று இங்கே பலர் உறுதியாக நம்புகிறார்கள், சிலர் ஏறவே விட மாட்டார்கள். ராத்திரிச் சாப்பாடு வெளியே. வடக்கு அலபாமாவுக்கு யார் போனாலும் வெள்ளை சாஸ் போட்ட கோழி சாப்பிடாமல் வராதீர்கள். பார்பிக்யூ என்றாலே இனிப்பான சிவப்புச் சாஸ் என்று நினைத்திருந்தேன். இங்கே மயோனைஸ், வினிகர், மிளகு. டிகேட்டர் ஊரில் பிக் பாப் கிப்ஸன் 1925-இல் தொடங்கிய கடையிலிருந்து வந்த பழக்கம் இது. நாங்கள் சாப்பிட்டது சாலையோரத்தில் ஒரு சின்ன இடம். மணிக்கணக்கில் ஹிக்கரி விறகுப் புகையில் கிடந்த பாதிக் கோழியை எடுத்து, அப்படியே சாஸ் வாளிக்குள் முக்கி, சொட்டச் சொட்டத் தட்டில் வைத்தார்கள். தோலில் புகை வாசம், அதற்கு மேல் வினிகர் புளிப்பு, கடைசியில் மிளகுக் காரம் தொண்டையில் நின்றது. 11 டாலர். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது இது ஒன்றுதான். மறுநாளும் அங்கேயே போனோம்.

போட்டிக்கு வருகிறேன். இந்த வகைப் போட்டியில் நான் கோ-ஆங்க்ளர், அதாவது பின்தளத்தில் நின்று பிடிக்கிறவன். போட்டிக்கு முந்தின நாள் மாலை குலுக்கலில் யாரோ ஒரு படகுக்காரரோடு ஜோடி சேர்ப்பார்கள். எங்கே போவது, எப்படி நிறுத்துவது எல்லாம் அவர் முடிவு. நுழைவுக் கட்டணம் படகுக்காரர்கள் கட்டுவதில் பாதிதான், பரிசும் தனிப் பட்டியல். எங்களுக்கு ஐந்து இல்லை, மூன்று மீன்தான் கணக்கு. இங்கே பலர் ஓட்டுகிற மாதிரிப் பெரிய பாஸ் படகைப் புதிதாக வாங்கினால் 80,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். மாதச் சம்பளக்காரனுக்கு இந்த விளையாட்டுக்குள் போக இதைவிட நல்ல வாசல் கிடையாது.

எனக்குக் கிடைத்தவர் அலபாமாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வெல்டர். விடியும் முன் நாலு டிகிரி செல்சியஸ் குளிர். அந்தக் குளிரில் 65 மைல் வேகத்தில் படகு ஓடும்போது கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குப் போகிறது. ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கட்-ஆஃப் கயிற்றைத் தன் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிய பிறகுதான் சாவியைத் தொட்டார். 2021 ஏப்ரலிலிருந்து அது சட்டம். கன்டர்ஸ்வில் சாதாரண ஏரி இல்லை, டென்னஸி ஆற்றில் டிவிஏ என்ற அரசு நிறுவனம் 1939-இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம், 69,000 ஏக்கர். 2014 பாஸ்மாஸ்டர் கிளாசிக்கின் கடைசி நாளில் ராண்டி ஹவல் என்ற தொழில்முறைப் போட்டியாளர் திட்டத்தை மாற்றிக்கொண்டு ஸ்ப்ரிங் க்ரீக் பாலத்துக் கற்கரைக்குப் போய், 11-ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தது இங்கேதான். ஐந்து மீன், 29 பவுண்டுக்கு மேல். படகுக்காரர் அதைத் தன் வீட்டில் நடந்த கல்யாணம் மாதிரி விவரித்தார்.

நாங்கள் நின்றது நார்த் சாட்டி ஓடையில். தண்ணீருக்கடியில் ஹைட்ரில்லா பாசி இப்போதுதான் தளிர்விட்டிருந்தது. போலி இரைதான், உள்ளே குண்டுகள் கலகலக்கும் அரை அவுன்ஸ் சிவப்பு கிராங்க்பெய்ட். எறிந்து இழுத்துக்கொண்டே வந்தால் பாசியில் சிக்கும். அங்கே நிறுத்தி, தூண்டில் கோலை வெடுக்கென்று உதற வேண்டும். பாசி அறுந்து இரை துள்ளும், அந்தத் துள்ளலில்தான் மீன் பாயும். மணிக்கணக்கில் உதறினால் மணிக்கட்டு வீங்கிவிடும். முதலில் வந்தது பச்சை முதுகுக் கொழுத்த மீன், பார்த்ததும் மூன்று பவுண்ட் என்றேன். இந்த ஏரியில் 15 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. அளவுப் பலகையில் வாயை மூடி முட்டவைத்து, வாலைக் கிள்ளிப் பிடித்தேன். கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. படகுக்காரர் குனிந்து பார்த்து, "இன்னொரு தடவை" என்றார். மறுபடி வைத்தேன், அதே இடம். படகில் மீனை உயிரோடு வைக்கும் தொட்டிக்குள் போட்டேன். பத்து மணிக்கு மேல் அணையில் தண்ணீர் திறந்து நீரோட்டம் வந்ததும் அடுத்தடுத்துக் கடி. நாலாவதாக வந்தது பெரியது. ஏற்கெனவே இருந்ததில் சின்னதாகத் தெரிந்த இரண்டு மீனைத் தராசுக் கோலில் எதிரெதிரே தொங்கவிட்டு, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, சின்னதை விட்டேன். அந்த மயிரிழை மீன்தான் வெளியே போனது.

பயிற்சி நாளில் வேறொரு படகில் கண்ட எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மீன் நீந்துவதை நேரடியாகக் காட்டும் லைவ்ஸ்கோப் மாதிரியான சோனார்கள் 2018-க்குப் பிறகு எல்லாப் படகிலும் வந்துவிட்டன. முன்னால் நிற்பவர் நடு ஏரியில் திரையைப் பார்த்தே குறிவைத்து எறிகிறார். பின்னால் இருப்பவன் எதுவும் தெரியாமல் வெறும் தண்ணீரில் வீசிக்கொண்டிருக்க வேண்டும். கோ-ஆங்க்ளர் உள்ள போட்டிகளில் இதைத் தடை செய்ய வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எடை மேடை. வலைப்பையில் மீனைப் போட்டு, ஆக்சிஜன் ஓடும் தொட்டியில் பையை முக்கிப் பிடித்தபடி வரிசையில் நிற்க வேண்டும். என் மூன்றும் உயிரோடு, 11 பவுண்ட் 6 அவுன்ஸ். பரிசுப் பட்டியலில் இடம் வந்தது! காசோலையில் நுழைவுக் கட்டணமும், டயரில் என் பங்கும், கோழியும் அடங்கின. அறை வாடகைக்குப் போதவில்லை.

அங்கிருந்து அடுத்த போட்டிக்காக டென்னஸியின் டேட்டனுக்குப் போனோம், சிக்கமாகா ஏரி. கடிகார மாற்றத்தில் கிடைத்த ஒரு மணி நேரத்தை வழியிலேயே திருப்பிக் கொடுத்தோம். பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக 1925-இல் ஓர் ஆசிரியர் மீது வழக்கு நடந்த நீதிமன்றக் கட்டடம் ஊர் நடுவில் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தேன். டென்னஸியின் சாதனைப் பாஸ், 15 பவுண்ட் 3 அவுன்ஸ், 2015-இல் இந்த ஏரியில்தான் கிடைத்தது. எங்களுக்கோ மூடுபனியால் இரண்டு மணி நேரம் தாமதம், குளிர்காற்று, இரண்டு பவுண்டில் ஒரே ஒரு மீன்.

அட்லான்டா, டாலஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது இதில் இறங்க நினைத்தால் கோ-ஆங்க்ளராக ஆரம்பியுங்கள். லைஃப் ஜாக்கெட் சொந்தமாக வாங்குங்கள், இரவல் வேண்டாம். கோல்கள் நாலைந்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், பின்தளத்தில் இடம் கிடையாது. பெட்ரோலுக்கான உங்கள் பங்கைக் கிளம்பும் முன்னாலேயே படகுக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். நான் 50 டாலர் கொடுத்தேன். அவர் 20-ஐத் திருப்பித் தந்துவிட்டு, மதியம் என் புளியோதரையில் பாதியை வாங்கிச் சாப்பிட்டார்.