சிவப்பு மூடி டப்பா

3 அக்டோபர் 2024, வியாழன்

அன்பளிப்பு வாங்கிய வழக்கில் சிங்கப்பூரின் முன்னாள் அமைச்சருக்கு 12 மாதச் சிறை. அரசுத் தரப்பு கேட்டதே ஆறேழு மாதம்தான். பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. நம்மவர் என்றால் வெட்கத்திலும் நமக்குப் பங்கு வந்துவிடுகிறது. பகல் சாப்பாட்டில் என் எதிரில் மட்டும் யாரும் அதைப் பேசவில்லை.

22 அக்டோபர், செவ்வாய்

எங்கள் அரசாங்க அலுவலகத்துக்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கும் குத்தகையாளர் ஒருவர், கீழே பாதுகாவலரிடம் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சிவப்பு மூடி போட்ட இரண்டு டப்பா, மூடியைச் சுற்றி செலோ டேப். ஒன்றில் முறுக்கு, ஒன்றில் அச்சு முறுக்கு. ஃபோன் செய்தால், "தங்கச்சி, உன் அண்ணி வீட்டுல சுட்டது. அண்ணன் கொடுத்தா வேணாம்பியா?"

இரண்டும் சேர்த்து முப்பது வெள்ளி தேறுமா? இதற்குப் போய் அன்பளிப்பை அறிவிக்கும் படிவம் நிரப்ப வேண்டுமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

23 அக்டோபர், புதன்

இயக்குநரிடம் போனேன். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். கதவைச் சாத்திவிட்டால் எனக்கு அக்கா. 1960ஆம் ஆண்டு லஞ்ச ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திறந்து காட்டினார். 8வது பிரிவு: அரசாங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் தேடுபவர் அதிகாரிக்குக் கொடுத்தால், லஞ்சம் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று நிரூபிப்பது நம் பாடு. 23வது பிரிவு: "இந்தத் தொழிலில் இது வழக்கம்" என்ற சாட்சியம் செல்லாது. எழுதியவர்களுக்கு நம் தீபாவளி தெரிந்திருக்கும் போல.

அப்புறம் கேட்டார், "பக்கத்து மேசை ஆம்பளையை அவர் எப்படிக் கூப்பிடுறார்?"

"சார்."

"சார்கிட்ட வர்றதுக்கு ஏதாவது ஒரு சாக்கு வேணும். தங்கச்சிகிட்ட முறை சொன்னாலே போதும்."

மூன்று வருடமாக அந்தச் சொல் எனக்கு இனித்தது என்பதுதான் உறுத்தல்.

பெண்கள் இயல்பிலேயே நேர்மையானவர்கள் என்று மேடையில் புகழ்ந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. "ஹலிமா யாக்கோப் 2017லேர்ந்து 2023 வரைக்கும் அதிபரா இருந்தாங்க. ஊழல் விசாரணைக்குப் பிரதமர் மறுத்தாலும் அவங்க ஒப்புதல் கொடுத்தா நடக்கும். பொம்பளைங்கிறதாலயா? அரசமைப்புச் சட்டத்துல இருக்கு."

25 அக்டோபர், வெள்ளி

படிவம் நிரப்பியாயிற்று. கூட்டத்துக்கு வந்தவரிடம் பையைத் திருப்பிக் கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க மேடம்."

டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். எதற்குக் காட்டினேனோ.