60 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 40
இரண்டு நாளாக டிவைஸ்நெட்டில், அதாவது ஆலைக் கருவிகளை ஒரே கேபிளில் இணைக்கும் நெட்வொர்க்கில், ஒரே தொல்லை. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு டிரைவ் திடீரென்று நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போகும், கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வரும். டிரைவையே மாற்றிப் பார்த்தோம். நெட்வொர்க்கைக் கண்ட்ரோலருடன் இணைக்கும் ஸ்கேனர் கார்டைக்கூடச் சந்தேகப்பட்டோம்.

இன்று காலை சப்ளையை நிறுத்திவிட்டு, சிக்னல் போகும் வெள்ளை ஒயருக்கும் நீல ஒயருக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 40 ஓம்! ட்ரங்க் எனும் முதன்மைக் கேபிளின் இரு முனையிலும் தலா 121 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், இரண்டும் இணையாகச் சேர்ந்து சுமார் 60 அல்லவா காட்ட வேண்டும்? அப்படியானால் மூன்றாவதாக ஒன்று எங்கேயோ இருக்கிறது.

ஒவ்வொரு பேனலாகத் திறந்தோம். லைனை நீட்டித்தபோது பழைய கடைசி முனையில் இருந்த ரெசிஸ்டரை யாரும் கழற்றவில்லை. டெர்மினல் பிளாக்கில் தூசி படிந்து அப்படியே இருந்தது. கழற்றியதும் மீட்டரில் 60. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே!

மாலை வரை ஒரு நோடுகூட, அதாவது நெட்வொர்க்கில் உள்ள ஒரு கருவிகூட, விழவில்லை.